தோரு தத்தின் கதைப்பாடல்கள் – ஒரு திறனாய்வு

இளமையில் மறைந்த கவிஞரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு குற்றங்களுள் ஒன்றுக்கு ஆளாகின்றனர். கவிதையை ஒருபுறம் வைத்துவிட்டு மறைவைப் பாடுதல் ஒன்று. இன்னும் பல்லாண்டு வாழ்ந்திருந்தால் எவ்வளவோ செய்திருப்பார் என்று கூறி, எழுதப்படாத நூல்களுக்கு மதிப்புரை வழங்குதல் மற்றொன்று. வங்கத்துக் கவிஞராகிய தோரு தத் 1856 மார்ச் 4ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்து, 1877 ஆகஸ்டு 30ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தார். இருபத்தொரு ஆண்டுகளே வாழ்ந்த இவருக்கு மேற்கூறிய இரண்டு குற்றங்களும் ஒருங்கே இழைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தொடங்கி வைத்தவர், அவரை உலகறியச் செய்த பெருந்தகையாளரே என்பது வியப்பிற்குரியது.

எட்மண்ட் காஸ் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் 1876 ஆகஸ்டில் 'எக்ஸாமினர்' இதழில் தோரு தத்தின் முதல் நூலுக்கு மதிப்புரை எழுதினார். ஆரஞ்சு நிற அட்டையுடன், முன்னுரையும் இன்றி, எளிய தாளில் அச்சாகி வந்த அச்சிறு நூலைக் குப்பைக்கூடைக்கு அனுப்பாமல் பிரித்துப் பார்த்ததை அவர் பின்னர் விரிவாகவே கூறியுள்ளார். 1882இல் இலண்டனில் வெளிவந்த 'இந்துஸ்தானத்துப் பழங்கதைப்பாடல்களும் கதைகளும்' என்னும் நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அம்முன்னுரையில் தோரு தத்தை அயல்நாட்டு மென்மலர் ஒன்றோடு ஒப்பிட்டு அவர் இரங்கிய இரக்கம், அதன்பின் வந்தோர் பலருக்கும் வாய்பாடாகவே அமைந்துவிட்டது. மலர் வாடியதைச் சொன்னவர்கள், அம்மலர் எம்மண்ணில் வேர்கொண்டிருந்தது என்பதைப் போதிய அளவு ஆராய்ந்திலர். அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியையே ஈண்டு மேற்கொள்கின்றோம்.

அவர் வாழ்க்கையைச் சுருங்கக் கூறலாம். தந்தை கோவிந்த சந்திர தத், தாய் க்ஷேத்ரமணி. குடும்பம் 1862இல் கிறித்தவ சமயத்தைத் தழுவியது. அண்ணன் அப்ஜு 1865இல் மறைந்தார். 1869இல் பெற்றோருடன் ஆரு, தோரு ஆகிய சகோதரியர் இருவரும் ஐரோப்பா சென்று, பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் பிரெஞ்சு கற்றனர். பின்னர் இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் தங்கினர். பெண்களுக்கென நடத்தப்பெற்ற உயர்கல்விச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்ஜில் கேட்டனர். 1873இல் தாயகம் திரும்பினர். அடுத்த ஆண்டே ஆருவும் மறைந்தார். மூவருள் எஞ்சியவர் இளையவரான தோரு ஒருவரே.

முதல் நூல் பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பாகும். 165 கவிதைகள், அவற்றுள் எட்டு ஆரு மொழிபெயர்த்தவை. 1876இல் இந்நூலை அச்சிட்டது பவானிபூரில் இருந்த ஓர் அச்சகம். பவானியில் இருந்து எழுதும் நமக்கு அப்பெயரைக் கண்டபோது ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஈரூர்களும் ஒரு தேவியின் பெயரையே தாங்கியுள்ளன. இவ்வொற்றுமை தற்செயலானது, ஆனால் பின்னர் நாம் காட்டப்போகும் ஒற்றுமை அத்தகையதன்று.

மொழிபெயர்ப்புகளைப் பற்றி இங்கு மிகுதியும் கூறுவதற்கில்லை. ஒன்றைமட்டும் சுட்டுவோம். 1874 டிசம்பரில் 'பெங்கால் மேகசின்' இதழில் அவர் எழுதிய உரைநடைக் கட்டுரைகள், லெகோந்த் தெ லீல் என்னும் பிரெஞ்சுக் கவிஞரையும் ஹென்றி தெரோசியோவையும் பற்றியவை. முன்னவர் இந்துமாக்கடலில் உள்ள ரியூனியன் தீவிற் பிறந்து பாரிசில் புகழ்பெற்றவர். பின்னவர் கல்கத்தாவிற் பிறந்த கலப்பினத்தவர், ஆங்கிலத்தில் பாடியவர், 1831இல் இருபத்திரண்டு வயதில் மறைந்தவர். பதினெட்டு வயதுப் பெண் தன் முதற் கட்டுரைகளுக்கு இவ்விருவரைத் தேர்ந்தெடுத்தது பொருளற்றது எனல் இயலாது. பிறந்த நிலம் ஒன்றாகவும் பாடும் மொழி வேறொன்றாகவும் அமைந்தவர்களின் நிலையை அவர் தமக்கே உரிய சிக்கலாக உணர்ந்திருந்தார் எனக் கொள்வதே பொருத்தம்.

அச்சிக்கல் இன்றும் நம் முன் உள்ளது. ஆங்கிலத்தில் எழுதிய இந்தியரை எவ்விலக்கியத்தில் வைத்து எண்ணுவது? ஆங்கிலேயர் தம் வரலாற்றின் ஓரத்தில் வைத்தனர். நம்மவர் சிலர், தாய்மொழியில் எழுதாதவர் என்று விலக்கினர். வேறு சிலர், மதம் மாறினும் உள்ளத்தால் இந்துவாகவே வாழ்ந்தார் என்று கூறித் தழுவிக்கொண்டனர். இம்மூன்றும் பாடல்களைக் கொண்டு முடிவு செய்யப்பட்டவை அல்ல. எங்கள் ஊர்க் கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியக் கலக்கின்றன. மூன்றாவதாகிய அமுதநதி நிலத்தின் கீழ் வந்து கூடுகின்றது என்பர். தோரு தத்தின் நூல்களில் கண்ணுக்குத் தெரிபவை ஆங்கிலமும் பிரெஞ்சும். அவர் நூலாக எழுதாத வங்கமொழி, தாயின் பாட்டாகவும் வீட்டில் கேட்ட கதையாகவும், அடியில் ஓடுகின்றது. தந்தையுடன் சேர்ந்து வடமொழி கற்கத் தொடங்கியது தாயகம் திரும்பிய பின்னரே. ஆதலின் புராணக் கதைகள் ஏட்டின் வழியாகவும் அவரை வந்தடைந்தன. செவியின் வழியாகவும் வந்தடைந்தன. எந்தக் கதை எவ்வழி வந்தது என்பதைப் பொறுத்தே பாட்டின் உயர்வும் தாழ்வும் அமைகின்றன என்பது நம் கருத்து.

ஏட்டின் வழி வந்ததற்குப் பரதமுனிவரும் மானும் பற்றிய பாட்டினை எடுத்துக்கொள்வோம். துறவியான பரதன் தாயிழந்த மான்கன்றினை வளர்த்து, அதன்மேல் வைத்த பற்றினால் தவநிலை தளர்ந்து, இறக்கும்போதும் அதனையே நோக்கியிருந்தான் என்பது விட்டுணுபுராணக் கதை. காட்டு நீரோடையும், சிங்கத்தின் முழக்கத்திற்கு அஞ்சித் தாய்மான் தாவுவதும், கன்று நீரில் விழுவதும் உயிர்ப்புடன் பாடப்பட்டுள்ளன. கதை முடிந்ததும் கவிஞர் புராண ஆசிரியரை மறுக்கப் புகுகின்றார். அன்பு குற்றமாகாது, கடவுளே அன்புதான் என்று கிறித்தவ நோக்கில் வாதிடுகின்றார். கருத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. அன்பே சிவம் என்று அறிந்த நாட்டில் அதனை மறுப்பார் யார்? ஆனால் வாதம் தொடங்கியவுடன் மான் மறைந்துவிடுகின்றது. மேடை ஒன்றே எஞ்சுகின்றது. ஏட்டில் படித்த கதையோடு ஏட்டறிவால் போரிட்டதன் விளைவு இது.

இதனோடு 'யோகாத்யா உமா' என்னும் கதைப்பாடலை ஒப்பிட்டு நோக்குக. சங்குவளை விற்பவன் ஒருவன் கூவிக்கொண்டே வழியில் செல்கின்றான். குளத்துப் படியில் இருந்த அழகிய பெண் ஒருத்தி அவனை அழைத்து வளை வாங்கி அணிந்துகொள்கின்றாள். விலையைத் தன் தந்தையாகிய கோயிற் பூசகரிடம் பெற்றுக்கொள்ளுமாறும், பணம் இருக்கும் பெட்டி இன்னதென்றும் சொல்லியனுப்புகின்றாள். பூசகருக்கோ மகளே இல்லை. பெட்டியைத் திறந்தால் வளையின் விலை சரியாக இருக்கின்றது. உண்மை உணர்ந்து இருவரும் குளக்கரைக்கு ஓடுகின்றனர்; பெண்ணைக் காணவில்லை. அழைத்து வேண்டியபோது, தாமரைகளினூடே நீரிலிருந்து வளையணிந்த கை ஒன்று மேலெழுந்து மறைகின்றது.

இக்கதையைத் தமிழ் மாணவர் படிக்கும்போது திருவிளையாடற் புராணத்து வளையல் விற்ற படலம் நினைவுக்கு வருதல் இயல்பு. மதுரையில் இறைவன் வளை விற்கின்றான். வங்கத்தில் இறைவி வளை வாங்குகின்றாள். இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு தேட முயல்வோமல்லோம். சங்கு மட்டும் ஒரு தொடர்பைத் தருகின்றது. வங்கத்துச் சங்கறுப்போர்க்கு வேண்டிய சங்கு மன்னார்க் கடற்பகுதியிலிருந்து நெடுங்காலம் கப்பலேறிச் சென்றது. பாட்டின் உமை அணிந்த வளையும் தென்கடற் சங்காக இருத்தல் கூடும்.

நமக்கு இன்னும் அணுக்கமான ஒப்புமை பவானிச் சங்கமேசுவரர் திருக்கோயிலில் உள்ளது. கோயமுத்தூர் ஆட்சியராக இருந்த வில்லியம் கேரோ பவானியில் தங்கியிருந்த ஓர் இரவில், சிறுமி ஒருத்தி வந்து அவரை எழுப்பி வெளியே அழைத்துச் சென்றாள் என்றும், அவர் வெளியேறியவுடன் தங்கியிருந்த கட்டடம் இடிந்து வீழ்ந்தது என்றும், சிறுமியைத் தேடியபோது காணவில்லை என்றும், அவள் வேதநாயகி அம்மையே எனத் தெளிந்தார் என்றும் இவ்வூரார் கூறுவர். 1804ஆம் ஆண்டில் அவர் அளித்த தந்தக் கட்டில் கோயிலிற் பேணப்படுகின்றது. தேவி சிறுபெண்ணாக வருகின்றாள். தன்னை அறியாத ஒருவனிடம் பேசுகின்றாள். அவன் அறிந்துகொள்ளும்போது மறைகின்றாள். கைக்கொள்ளத்தக்க பொருள் ஒன்று கதைக்குச் சான்றாக எஞ்சுகின்றது. அங்கே வளை, இங்கே கட்டில். யோகாத்யா உமையின் கோயிலுக்கு வளைவிற்றவன் மரபினர் ஆண்டுதோறும் வளை அளித்து வந்தனர் எனப் பாடல் கூறுவதும் இவ்வகைச் சான்றே. இத்தகைய கதைகளைக் காப்பவர் புலவர் அல்லர். கோயில் வாயிலில் பூ விற்பவரும் வீட்டு முதியவருமே.

தோரு தத் அதனை அறிந்திருந்தார். பாட்டின் முடிவில், இக்கதை விரைந்து செல்லும் இக்காலத்திற்கு ஒவ்வாததாகத் தோன்றலாம் என்று ஒப்புக்கொண்டு, தமக்கு அதனைச் சொன்னவர்மீது தாம் கொண்ட அன்பையே காரணமாகக் காட்டி அதனை நூலில் வைக்கின்றார். பரதமுனிவர் பாட்டிற் செய்தது போல இங்கே அவர் வாதிடவில்லை. நம்புகிறேன் என்றும் கூறவில்லை. நம்பவில்லை என்றும் கூறவில்லை. உமையைப் பாடியதால் அவர் இந்துவாகிவிட்டார் என்பாரும், இந்து நம்பிக்கையை அயலவர்க்குக் காட்சிப்பொருளாக்கினார் என்பாரும் இவ்விறுதிப் பகுதியை மீண்டும் படித்தல் நன்று. நம் எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தில் புதிய சமயப் பொருளைக் கம்பன் வழிப்பட்ட செய்யுளில் வார்த்தார். தோரு தத் பழைய கதையை அயல்மொழிச் செய்யுளில் வார்த்தார். இருவர் திசையும் வேறு. இருவரும் தாம் விட்டுவந்ததாகப் பிறர் கருதிய வீட்டிலிருந்து எடுத்து வந்த பொருளால்தான் கவிஞராயினர்.

'இலக்குமணன்' என்னும் பாடல் வேறொரு வகையில் சிறந்தது. மாரீசன் எழுப்பிய பொய்க்குரலைக் கேட்ட சீதைக்கும் இலக்குமணனுக்கும் இடையே நிகழும் உரையாடலே பாட்டு முழுவதும். இவ்விடத்தைக் கம்பர் கையாண்ட முறை தமிழறிந்தார் அறிந்ததே. வான்மீகத்தில் சீதை இலக்குமணன் கருத்தில் மாசு கற்பித்துக் கூறும் சுடுசொற்களைக் கம்பர் நீக்கினார். ஒருநாட் பழகியவரும் உயிர் கொடுப்பர், நீ அஞ்சாது நிற்கின்றாயே, இனி நான் தீயில் வீழ்வேன் என்னும் அளவில் அவள் சினத்தை நிறுத்தினார். சீதையின் நாவைக் காத்தார் எனலாம். தோரு தத் அதனைக் காக்கவில்லை. அவருடைய சீதை ஐயுறுகின்றாள், பழிக்கின்றாள், அவமதிக்கின்றாள். கம்பர் செய்தது காப்பியத் தலைவிக்கு ஏற்ற பெருமை. தோரு தத் செய்தது அச்சத்தால் அறிவிழந்த ஒரு பெண்ணின் உண்மை. நாம் கம்பரையே பயின்றவர்களாதலின் முதலில் இப்பாட்டு நமக்கு உறுத்துகின்றது. உறுத்தலைப் பொறுத்துக்கொண்டு இறுதிவரை செல்வோர், வில்லெடுத்துப் புறப்படும் இலக்குமணன் முகத்தில் சினம் சிறிதும் இன்றித் துயர் ஒன்றே நிற்பதையும், கழுகின் கரகரத்த குரல் கேட்கப் பாட்டு முடிவதையும் காண்பர். கொடுஞ்சொல் இல்லையேல் அத்துயருக்குப் பொருளில்லை.

'சாவித்திரி' நீண்டது, நீளத்திற்கேற்ற செறிவு இல்லாதது. அதன் தொடக்கத்தில், பழங்காலத்து மகளிர் அந்தப்புரத்துள் அடைக்கப்படாமல் விரும்பியவாறு சென்றனர் என்று கூறும் பகுதி மட்டும் கூர்மையுடையது. கேம்பிரிட்ஜில் தடையின்றி நடந்த கால்கள் கல்கத்தாத் தோட்டத்து மதிலுக்குள் அடங்கியதை அவர் தம் தோழி மேரி மார்ட்டினுக்கு எழுதிய கடிதங்களால் அறிகின்றோம். அக்கடிதங்கள் தனியே ஆராயத்தக்கவை. இந்திய மக்களைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய இழிவுப் பெயரைத் தாமும் ஒருமுறை எழுதிவிட, தோழி அதனைச் சுட்டியபோது, உண்மையில் நாணி, இனி இந்தியர் என்றே எழுதுவதாக 1876இல் அவர் விடையிறுத்தார். மென்மலர் என்று இரங்கியோர் இத்தகைய உள்ளத்தை நோக்கினாரல்லர்.

ஆயினும் ஏகலைவனைப் பற்றிய பாட்டில் அவ்வுள்ளம் தளர்ந்துவிடுகின்றது. இழிகுலத்தான் எனத் துரோணரால் விலக்கப்பட்ட சிறுவன் காட்டை ஆசானாகக் கொள்ளும் பகுதி நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. மரங்களும் விலங்குகளும் அவனை வெறுக்கவில்லை. கட்டைவிரலை அறுத்து அளித்தபின் துரோணர் அவனை வாழ்த்துகின்றார்: தன்முயற்சிக்கும் வாய்மைக்கும் அடக்கத்திற்கும் உன் பெயரே எடுத்துக்காட்டாகும் என்கிறார். தன்முயற்சி என்பது அந்நூற்றாண்டின் ஆங்கிலப் பள்ளிகள் ஓயாது போதித்த அறம். விரலைக் கேட்டவனே புகழையும் வழங்கிவிட்டால், படிப்பவர் நெஞ்சில் எழவேண்டிய கேள்வி எழாமலே போகின்றது. இங்கே நாம் கவிஞரின் வயதைக் காட்டி விலக்கு அளிப்பதற்கில்லை. சீதையின் சினத்தைப் பாடத் துணிந்தவர் அவரே.

அக்காலத்தில் அமெரிக்காவின் ஆமர்ஸ்டு என்னும் சிற்றூரில் எமிலி டிக்கின்சன் (1830–1886) வாழ்ந்து வந்தார். ஏறத்தாழ 1800 பாடல்களை எழுதியும், பன்னிரண்டுக்கும் குறைவானவையே அவர் காலத்தில் அச்சேறின. 1890இல் முதல் தொகுதி வந்தபோது, பதிப்பித்தோர் அவருடைய நிறுத்தக் குறிகளையும் சில சொற்களையும் திருத்தினர். அவர் எழுதியவாறே பாடல்களைக் காண உலகம் 1955ஆம் ஆண்டுப் பதிப்புவரை காத்திருந்தது. வெண்ணிற ஆடை உடுத்து வீட்டிலேயே அடங்கியிருந்தவர் என்னும் கதை பாடல்களை முந்திக்கொண்டு பரவியது. இருவர் கவிதையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. சுருக்கத்தில் அமெரிக்கர்க்கு நிகர் அரியர். ஆனால் இருவர்க்கும் நேர்ந்தது ஒன்றே: பெண் பாடியதைக் கேட்பதற்கு முன், பெண் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டனர்.

தோரு தத்தின் பாடல்களுள் வாழ்க்கையைத் தவிர்த்துவிட்டுப் படிக்க இயலாதவை இரண்டே. ஒன்று 'சீதை'. இருண்ட அறையில் மூன்று குழந்தைகள் தாயின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். வான்மீகியின் தவச்சாலை அவர்கள் கண்முன் விரிகின்றது, காட்டிற் கைவிடப்பட்ட சீதை அழுகின்றாள், குழந்தைகளும் அழுகின்றனர். அம்மூவரும் தாயின் அருகே மீண்டும் கூடுவது எந்நாள் என்னும் வினாவோடு இச்சிறு பாட்டு முடிகின்றது. மூவருள் இருவர் மறைந்தபின் எழுதப்பட்டது என்பதை அறிந்தோர்க்கு அவ்வினா தாங்கற்கரியது. அறியாதோர்க்கும் பாட்டு நிற்கும் என்பதே அதன் வலிமை.

மற்றொன்று 'எங்கள் சவுக்கு மரம்'. நூலின் இறுதிப் பாடலும் இதுவே. ஒவ்வொன்றும் பதினொரு அடி கொண்ட ஐந்து பத்திகளால் ஆனது. சவுக்கு நம் நாட்டில் விறகுக்கும் பந்தற்காலுக்கும் உரிய மரம். தமிழ்ப்புலவர் எவரும் அதனைக் கொன்றையோடும் வேங்கையோடும் வைத்து எண்ணார். இப்பாட்டிலோ மலைப்பாம்பு போன்ற கொடி ஒன்று மரத்தை அடிமுதல் முடிவரை இறுக்கிச் சுற்றியிருக்கின்றது. நம் செய்யுள் வழக்கிற் கொடி மெல்லியது, கொழுகொம்பின்றி வாடுவது. இங்கே அது பிற மரங்களைக் கொல்லவல்லது. சவுக்கு அதனை மாலைபோல் அணிந்து நிற்கின்றது. பனிக்கால விடியலில் உச்சியில் அமர்ந்து கதிரவனை நோக்கும் குரங்கும், கீழ்க்கிளைகளில் தாவும் குட்டிகளும், குயில்களும், மேய்ச்சலுக்குச் செல்லும் பசுக்களும், குளத்து அல்லியும் தொடர்கின்றன. பின்னர் மரத்தின் அழகினால் அதனை விரும்பவில்லை, உடன் ஆடியவர்களால் விரும்புகின்றேன் என்கின்றார். இறுதிப் பத்தியில் வேர்ட்ஸ்வொர்த்தின் யூ மரங்களைத் துணைக்கு அழைத்து, தம் மரத்திற்கு அழியாப் புகழ் வேண்டுகின்றார். அத்துணை தேவையற்றது என்போம். தன் காலில் நின்ற மரத்திற்கு முட்டுக்கொடுத்தது போன்றது அது.

நற்றிணையில், நெய்தல் நிலத்து மகளிர் விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துப் புன்னையாகின்றது. நெய்யும் பாலும் ஊட்டி அதனை வளர்க்கின்றனர். அது உங்கள் உடன்பிறந்தாள், உங்களினும் சிறந்தவள் என்று தாய் கூறுகின்றாள். ஆதலின் அம்மரத்தடியில் தலைவனோடு சிரித்துப் பேச நாணுகின்றோம் என்கின்றாள் தோழி. மரத்தை உடன்பிறப்பாகக் காணும் இந்நெறி கல்கத்தாத் தோட்டத்தில் வாழ்ந்த பெண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவரும் அவ்விடத்தையே வந்தடைகின்றார். எனினும் அங்கே உடன்பிறந்தவர் உயிரோடு இல்லை. அவருடைய நான்காம் பத்தியில், தொலைநாட்டுக் கடற்கரையில் அலை உறங்கும் நிலவிரவில், மரத்தின் புலம்பலைக் கேட்கின்றார். நற்றிணைப் பெண்கள் தலைவனை நோக்கி, வேறு மரத்து நிழலும் இங்கு உண்டு, அங்கே செல்வோம் என்கின்றனர். தோரு தத் பிரான்சிலும் இத்தாலியிலும் வேறு நிழலில் இருந்தபோது கேட்டது அந்தச் சவுக்கின் ஒலியையே.